ஃபிங்கர் சர்வர் ரெண்டாவது ஆளுக்குத் தொங்குவது ஹாஸ்கெலாலா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் கேரம் கிளப்பில் யார் பெயரைக் கொடுத்தாலும் அவர் விவரத்தைச் சொல்லும் ஒரு சின்ன சர்வரை ஹாஸ்கெலில் எழுதுகிறேன். பழைய ஃபிங்கர் முறைதான். டெல்நெட்டில் ஒருத்தர் வந்தால் ஓடுகிறது, ரெண்டாவது ஆள் வந்தால் தொங்குகிறது. சில சமயம் இருக்கிற பெயரையே இல்லை என்கிறது. தமிழில் பெயர் வைத்தால் குப்பையாக வருகிறது. ஃபங்ஷனல் மொழி இந்த வேலைக்கு ஒத்துவராதா, பைத்தானுக்குப் போய்விடட்டுமா?" படித்தால் நாலு கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் தம்பி கேட்க வருவது ஒன்றுதான்: இந்தத் தொல்லைகளுக்கு மொழி காரணமா, நான் காரணமா? முதல் இரண்டும் எந்த மொழியில் எழுதினாலும் வரும். மூன்றாவதில் மட்டும் ஹாஸ்கெலுக்கும் பங்கு உண்டு. (ஹாஸ்கெல், ஃபங்ஷன்களையே அடிப்படையாக வைத்து எழுதும் ஃபங்ஷனல் வகை மொழி.) உங்கள் புரோகிராமை நான் பார்க்கவில்லை என்பதால், எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

நான் ராயபுரம். துறைமுகத்தை நம்பி ஓடும் ஒரு ஆபீசில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது பிழைப்பு, அங்கே எர்லாங் (இதுவும் ஃபங்ஷனல் மொழிதான்). ஹாஸ்கெல் ராத்திரியில் சொந்த ஆசைக்கு. முதலில் ஃபிங்கர் என்ன எதிர்பார்க்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் தொல்லையில் பாதி அங்கேதான் இருக்கிறது. 1971 வாக்கில் ஸ்டான்ஃபோர்ட் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னெஸ்ட் எழுதிய புரோகிராம் இது, 1977-ல் ஆர்எஃப்சி 742 என்ற இணைய நெறிமுறை ஆவணம் ஆனது, இப்போது நாம் பார்க்க வேண்டியது 1991 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 1288. போர்ட் (சர்வரின் வாசல் எண்) 79. கிளையண்ட் ஒரே ஒரு வரி அனுப்பும், வரியின் கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன் (வரித் தொடக்கத்துக்குப் போ), லைன் ஃபீட் (அடுத்த வரிக்குப் போ) என்று கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் இரண்டும் இருக்கும். வெறும் வரி வந்தால் எல்லோருடைய பட்டியல், பெயர் வந்தால் அந்த ஆள், முன்னால் சாய்கோடும் டபிள்யூவும் வந்தால் கொஞ்சம் கூடுதல் விவரம். சர்வர் பதிலை எழுதிவிட்டு இணைப்பை மூட வேண்டும். பதிலின் நீளம் இவ்வளவு என்று எங்கேயும் சொல்வதில்லை, மூடுவதுதான் "முடிந்தது" என்பதற்கு ஒரே அடையாளம். நீங்கள் மூடவில்லை என்றால் பதில் முழுசாகப் போன பிறகும் கிளையண்ட் காத்துக்கொண்டேதான் இருக்கும். (அதே ஆவணத்தில் விற்பனை இயந்திரங்களுக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது, வெறும் வரி வந்தால் கைவசம் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கொடுக்கச் சொல்கிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே இருக்கிறது, படித்துப் பாருங்கள்.)

சரி, தொங்குவதற்கு வருவோம். "ஒருத்தருக்கு ஓடுகிறது, ரெண்டாவது ஆளுக்குத் தொங்குகிறது" என்ற அறிகுறியை வைத்து நான் ஊகிப்பது: அக்செப்ட் சுற்றுக்குள்ளேயே (வரும் இணைப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப்), அதே த்ரெட்டில் (ஒரே வேலை ஓட்டத்தில்), வந்தவரிடம் வரி வாங்கிப் பதில் சொல்லிவிட்டு அப்புறம்தான் அடுத்த அக்செப்டுக்குப் போகிறீர்கள். முதல் ஆள் டெல்நெட்டை (சர்வரோடு நேராக டைப் செய்து பேசும் புரோகிராம்) திறந்துவைத்து எதுவும் டைப் செய்யாமல் டீ குடிக்கப் போய்விட்டால் உங்கள் புரோகிராம் அவருடைய வரிக்காக ரிசீவில் (வரும் பைட்களைப் படிக்கும் இடத்தில்) நின்றுவிடும். இதில் பலரையும் குழப்புவது என்னவென்றால், ரெண்டாவது ஆளின் திரையில் "கனெக்டெட்" என்றே வரும். ஏனென்றால் டிசிபி கைகுலுக்கலை (இணைப்பு தொடங்கும் சடங்கை) முடிப்பது கெர்னல் என்ற ஓஎஸ்ஸின் மையப் பகுதி, உங்கள் புரோகிராம் இல்லை. கெர்னல் அவரை வரிசையில் சேர்த்துவிட்டது, நீங்கள் இன்னும் எடுக்கவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: வண்டி வரிசையில் சேர்ந்தாகிவிட்டது, ஆனால் கேட் திறந்தால்தானே.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், லினக்ஸ் என்றால் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். ரெண்டாவது ஆள் தொங்கும்போது இன்னொரு டெர்மினலில் எஸ்எஸ் கட்டளையை எல், டி, என் ஆப்ஷன்களோடு (ss -ltn) ஓட்டுங்கள். லிசன் நிலையில் உள்ள சாக்கெட்டுக்கு (நெட்வொர்க் இணைப்பின் உங்கள் பக்க முனை), ரிசீவ்-க்யூ என்ற பத்தியில் வரும் எண், அக்செப்டுக்காகக் காத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை. அங்கே 1 என்று நின்றால் என் ஊகம் சரி, அக்செப்ட் சுற்றுதான் மாட்டியிருக்கிறது. 0 என்று காட்டினால் நீங்கள் அவரை எடுத்துவிட்டீர்கள், தொங்குவது உள்ளே எங்கோ: ஒருவேளை எம்வேரை (த்ரெட்கள் பூட்டு மாதிரி பகிரும் பெட்டி) ஒரு த்ரெட் எடுத்துவிட்டு எக்செப்ஷனில் (ஓடும்போது வரும் பிழையில்) செத்து, திரும்ப வைக்காமல் போயிருக்கும், அல்லது சாக்கெட்டை ஹேண்டிலாக மாற்றிவிட்டுப் பதிலை ஃப்ளஷ் செய்யாமல் (தேங்கியதை வெளியே தள்ளாமல்) விட்டிருப்பீர்கள், அல்லது எச்கெட்கன்டென்ட்ஸ் வைத்து எதிர்முனை மூடும்வரை படிக்கப் பார்ப்பீர்கள். எம்வேர் என்றால் எடுப்பதையும் வைப்பதையும் தனித்தனியாக எழுதாதீர்கள், வித்எம்வேர் போதும், உள்ளே என்ன வெடித்தாலும் அது திரும்ப வைத்துவிடும்.

அக்செப்ட் சுற்றுதான் காரணம் என்றால் தீர்வு சுலபம், வந்த ஒவ்வொரு இணைப்பையும் ஒரு த்ரெட்டில் விடுங்கள். ஹாஸ்கெல் த்ரெட் ஓஎஸ் த்ரெட் கிடையாது, ரன்டைமே பார்த்துக்கொள்ளும் மிகச் சின்ன ஒன்று, ஆயிரக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம், கிளப்புக்கு அதில் நூறில் ஒரு பங்கு கூட வேண்டாம். வெறும் ஃபோர்க்ஐஓ போடாமல் ஃபோர்க்ஃபைனலி போட்டு, முடிவில் சாக்கெட்டை மூடும் வேலையை அதன் கையில் கொடுங்கள். மூடாமல் விட்டால் கிளையண்ட் காத்துக்கிடப்பதோடு போகாது. ஒரு பிராசஸ் திறக்கக்கூடிய ஃபைல்களின் எல்லை லினக்ஸில் பெரும்பாலும் 1024, ஆயிரத்துச் சொச்சம் பேர் வந்துபோன பிறகு ஒருநாள் திடீரென்று யாரையும் எடுக்காமல் போகலாம், அப்போது காரணம் தேடி மண்டை காயும். கூடவே டைம்அவுட் வையுங்கள், பத்து விநாடிக்குள் வரி வராவிட்டால் வெளியே. ஹாஸ்கெலின் டைம்அவுட் மைக்ரோவிநாடியில் எண்ணும், அதாவது பத்து விநாடி என்றால் 1 கோடி என்று எழுத வேண்டும். வெறும் 10 என்று எழுதிவிட்டு யாருமே உள்ளே வர முடியவில்லை என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இருக்கிற பெயரை இல்லை என்பது. இதில் எனக்கு அவ்வளவாகச் சந்தேகமில்லை. டெல்நெட் வரியின் கடைசியில் கேரேஜ் ரிட்டர்னும் லைன் ஃபீடும் சேர்த்து அனுப்பும், நெட்கேட் (அதே மாதிரி இன்னொரு கருவி) சாதாரணமாக லைன் ஃபீட் மட்டும் அனுப்பும். நீங்கள் லைன் ஃபீடை மட்டும் வெட்டினால் நெட்கேட்டில் பெயர் கிடைக்கும், டெல்நெட்டில் கிடைக்காது, ஏனென்றால் அங்கே தேடப்படுவது "குமார்" இல்லை, குமாருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன். அதைப் பதிலில் அப்படியே அச்சடித்தால் இன்னும் வேடிக்கை, கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போய், பெயருக்குப் பின்னால் வரும் "என்று யாரும் இல்லை" என்பது பெயரின் மேலேயே விழும். திரையில் பாதி வாக்கியம்தான் தெரியும், டேட்டாபேஸ் கெட்டுவிட்டதோ என்று அங்கே போய்த் தோண்டுவீர்கள். வந்த பைட்களை ஒருமுறை ஷோ வழியாக லாகில் எழுதிப் பாருங்கள், பின்சாய்கோடும் ஆர் எழுத்துமாக அந்தக் கேரேஜ் ரிட்டர்ன் வெளியே வந்துவிடும்.

"சில சமயம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 1024 பைட் கேட்டு ஒரு ரிசீவ் போட்டால் ஒரு முழு வரி வரும் என்று டிசிபி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பாதி வரி வரலாம், ஒரு எழுத்து வரலாம், எதிர்முனை மூடிவிட்டால் காலியான பைட்ஸ்ட்ரிங் (பைட்களின் சரம்) வரும். லோக்கல்ஹோஸ்டில் (அதே கணினிக்குள்) எப்போதும் முழுசாக வந்து உங்களை ஏமாற்றும், கிளப்பின் வைஃபையில் கை விரிக்கும். லைன் ஃபீட் வரும்வரை சேர்த்துக்கொண்டே போங்கள், ஆனால் ஒரு எல்லை வையுங்கள், 512 பைட் தாண்டினால் வெட்டிவிடுங்கள். இந்த எல்லைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1988 நவம்பர் 2 அன்று கிளம்பிய, தானே பரவும் மோரிஸ் வோர்ம், யூனிக்ஸ் இயந்திரங்களுக்குள் புகுந்த வழிகளில் ஒன்று இந்த ஃபிங்கர் சர்வர்தான். சி மொழியில் எழுதிய அந்த சர்வர் கெட்ஸ் என்ற ஃபங்ஷனால் வரியைப் படித்தது, 512 பைட் இடம்தான் ஒதுக்கியிருந்தது, வோர்ம் 536 பைட் அனுப்பி மேலே வழியவிட்டு வாக்ஸ் கணினிகளில் தன் கட்டளையை ஓட்டிக்கொண்டது. ஹாஸ்கெலின் பைட்ஸ்ட்ரிங்கில் அப்படி வழிய வாய்ப்பில்லை, அந்த வகையில் நிம்மதி. ஆனால் எல்லை இல்லாமல் சேர்த்துக்கொண்டே போனால் யாரோ ஒருத்தர் முடிவில்லாத வரியை அனுப்பி மெமரியை நிரப்பிவிடலாம். அதை மொழி தடுக்காது.

இதோடு ஒட்டிய ஒரு நுணுக்கம். ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு, எதிர்முனை அனுப்பிய மீதியைப் படிக்காமல் சாக்கெட்டை மூடினால், லினக்ஸ் கெர்னல் சாதாரணமாக முடிக்காமல் ரீசெட் அனுப்பிவிடும், நீங்கள் அனுப்பிய பதில் கிளையண்ட் கைக்குப் போகாமலே தொலையலாம். நெட்வொர்க் லைப்ரரியில் இதற்கென்றே கிரேஸ்ஃபுல்க்ளோஸ் இருக்கிறது, 5000 மில்லிவிநாடி கொடுத்து அதையே பயன்படுத்துங்கள். அப்புறம், சர்வரை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டும்போது "அட்ரஸ் ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று திட்டினால் பைண்ட் செய்வதற்கு (போர்ட்டைப் பிடிப்பதற்கு) முன் ரீயூஸ்அட்ரஸ் வைத்தால் போதும், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

இப்போது தமிழ். இங்கேதான் ஹாஸ்கெல் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஓவர்லோடட் ஸ்ட்ரிங்ஸை (கோட்டேஷனில் எழுதுவதை வேறு வகைகளாகவும் எடுத்துக்கொள்ளும் வசதி) ஆன் செய்துவிட்டு பைட்ஸ்ட்ரிங் எதிர்பார்க்கிற இடத்தில் கோட்டேஷனுக்குள் தமிழில் எழுதினால், கம்பைலர் வாயே திறக்காது, ஆனால் ஒவ்வொரு எழுத்தின் கடைசி 8 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிடும். பைட்ஸ்ட்ரிங் சார்8-ல் உள்ள பேக்கும் அதே வேலையைத்தான் செய்யும். "க" என்பது யூனிகோடில் 2965, அது 149 என்ற ஒற்றை பைட்டாகச் சுருங்கிவிடும், திரும்ப மீட்க வழியில்லை. பைத்தானில் இதையே செய்தால் ஓடுவதற்கு முன்பே பிழை என்று நிறுத்திவிடும், அந்த ஒரு விஷயத்தில் பைத்தான்காரர்கள் கெட்டிக்காரர்கள். நீங்கள் செய்ய வேண்டியது, உள்ளே முழுக்க டெக்ஸ்ட் வகை, வாசலில் மட்டும் பைட்: வெளியே போகும்போது என்கோட்யூடிஎஃப்8 (எழுத்தை யூடிஎஃப்-8 பைட்களாக்குவது), உள்ளே வரும்போது டிகோட். டிகோடில் இரண்டு வகை உண்டு, பெயரின் முடிவில் ஒற்றை மேற்கோள் குறி உள்ளதை எடுங்கள், அது தப்பான பைட் வந்தால் ஐதரில் லெஃப்ட் (பிழை என்ற மதிப்பு) கொடுக்கும். குறி இல்லாதது எக்செப்ஷன் வீசும், அதுவும் சோம்பேறி மதிப்பீட்டால் (தேவைப்படும்போதுதான் கணக்கிடுவது) டிகோட் செய்த வரியில் வீசாமல், அந்த மதிப்பை யாரோ முதலில் தொட்ட இடத்தில் வீசும்.

இன்னொன்று, டெக்ஸ்டை ஷோ வழியாக அச்சடித்தால் தமிழ் எல்லாம் 2965 மாதிரியான எண்களாக வரும். அது கெட்டுப்போனதன் அடையாளம் கிடையாது, ஷோ அப்படித்தான் காட்டும். அதே தமிழை நேராகத் திரைக்கு அனுப்பும்போது எக்செப்ஷன் வந்தால் அது லோக்கேல் (சிஸ்டத்தின் மொழி, எழுத்து அமைப்பு) பிரச்சினை, உங்கள் டெர்மினலில் ஓடும், சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டுவது) வழியாக ஓட்டினால் சாகலாம். சாக்கெட்டுக்கு பைட்டாக அனுப்புவதற்கு லோக்கேல் ஒரு பொருட்டே இல்லை, லாகுக்கு மட்டும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டின் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று வைத்துவிடுங்கள்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு, எந்தப் பாடத்திலும் வராது. "கோபி" என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறி தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு வேறு. ஒருத்தர் போனில் டைப் செய்து சேர்த்த பெயரை இன்னொருத்தர் கம்ப்யூட்டரில் தேடினால் கிடைக்காமல் போக இது ஒரு காரணம். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற, சேர்த்தெழுதும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது, யூனிகோட் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் என்ற பேக்கேஜ் அதைச் செய்யும். ஃபிங்கரில் தமிழ் அனுப்பலாமா என்றால், ஆர்எஃப்சி கண்டிப்பாக ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டும்) என்கிறது, ஆனால் வேறு எழுத்துகளில் புழங்கும் இடங்களில் கிளையண்ட் 126-க்கு மேற்பட்ட பைட்களைக் காட்ட வழி வைக்கலாம் என்றும் சொல்கிறது. அதனால் கிளப்புக்குள் யூடிஎஃப்-8 அனுப்புங்கள், பழைய கிளையண்ட் குப்பையாகக் காட்டினால் அதன் மேல் வருத்தப்படாதீர்கள். என் வழக்கம், தேடும் சாவி ஆங்கில எழுத்தில், காட்டும் பெயர் தமிழில்.

இத்தனை சொன்ன பிறகு ஃபங்ஷனல் மொழி எங்கே உதவுகிறது என்று கேட்பீர்கள். நீங்கள் எழுதியதில் சாக்கெட்டைத் தொடாத பகுதி எவ்வளவு என்று பாருங்கள், அங்கேதான். வரியை வாங்கி, அது எல்லோரும் என்ற கேள்வியா, ஒரு ஆளா, வேறு இயந்திரத்துக்குத் தள்ளிவிடச் சொல்லும் கேள்வியா, தப்பா என்று ஒரு டேட்டா டைப்பாக மாற்றுவது ஒரு ஃபங்ஷன். அந்தக் கேள்வியையும் உறுப்பினர் மேப்பையும் (பெயருக்கு விவரம் வைத்த பட்டியல்) வாங்கிப் பதில் டெக்ஸ்ட் கொடுப்பது இன்னொன்று. இரண்டிலும் ஐஓ (வெளியுலகிலிருந்து படிப்பது, எழுதுவது) என்ற வார்த்தையே வரக் கூடாது. அப்படிப் பிரித்துவிட்டால் நெட்வொர்க்கே இல்லாமல் ஜிஎச்சிஐயில் (ஹாஸ்கெலை வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் இடம்) உட்கார்ந்து எல்லாவற்றையும் சோதிக்கலாம், குவிக்செக்கிடம் (சோதனை உள்ளீடுகளைத் தானே உருவாக்கும் கருவி) கண்டபடி பைட்களை எறியச் சொல்லலாம், கேரேஜ் ரிட்டர்ன் சிக்கல் முதல் மாலையே மாட்டியிருக்கும். வேறு இயந்திரத்துக்குத் தள்ளிவிடும் கேள்வி என்பது பெயருக்குப் பின்னால் அட் குறியும் (@) ஹோஸ்டும் வருவது, அதைச் செய்தே தீர வேண்டும் என்றில்லை, தெளிவாக மறுத்துவிட்டால் போதும் என்கிறது ஆர்எஃப்சி. மறுத்துவிடுங்கள்.

உறுப்பினர் மேப்பை ஒரு ஐஓரெஃப்புக்குள் (உள்ளே இருப்பதை மாற்றக்கூடிய பெட்டி) வையுங்கள். மேப் மாறாத பொருள் என்பதால், ஒருத்தர் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தர் புது மேப்பை மாற்றி வைத்தாலும் முதல் ஆள் கையில் பழையது முழுசாக இருக்கும், பாதி பழசு பாதி புதுசு என்ற நிலையே வராது, படிப்பவருக்குப் பூட்டும் வேண்டாம். மாற்றும்போது அட்டாமிக்மாடிஃபை வகையில் ஸ்ட்ரிக்ட் ஆனதை எடுங்கள், இல்லாவிட்டால் செய்யாத வேலைகள் மெமரியில் மூட்டையாகச் சேரும். ஆள் சேர்க்க, நீக்க வேறொரு போர்ட் வைத்து அதை 127.0.0.1-ல் (அதே கணினிக்குள்) மட்டும் பைண்ட் செய்யுங்கள். நிரந்தரமாகச் சேமிக்க எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸ்) நல்லது, கற்றுக்கொள்ளவும் நல்லது, ஆனால் ஒரு கிளப்பின் பட்டியலுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கூடப் போதும் என்பது என் கட்சி. ஃபைல் என்றால் தற்காலிகப் பெயரில் முழுக்க எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். நேராகப் பழைய ஃபைல் மேலேயே எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பட்டியல் பாதியோடு நிற்கும். எஸ்க்யூலைட்டுக்கு இந்தக் கவலை இல்லை, அது ஜர்னல் வைத்துப் பார்த்துக்கொள்ளும்.

போர்ட் 79, 1024-க்குக் கீழே என்பதால் லினக்ஸில் சாதாரண யூசரால் பைண்ட் செய்ய முடியாது. அதற்காக சுடோ போட்டு (முழு நிர்வாகி அதிகாரத்தில்) ஓட்டாதீர்கள். எழுதும் காலத்தில் 7979 மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் செட்கேப் கொண்டு அந்த ஒரு அனுமதியை மட்டும் கொடுங்கள். அந்த அனுமதி ஃபைலோடு ஒட்டியது, மறுபடி பில்ட் செய்தால் புது ஃபைலில் இருக்காது, நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று விழிக்க வேண்டாம். அப்புறம், உறுப்பினர் போன் நம்பரை இதில் போடவே போடாதீர்கள். ஃபிங்கரில் பாஸ்வேர்டும் கிடையாது, குறியாக்கமும் கிடையாது, கேட்டவருக்கெல்லாம் சொல்லும். யார் எப்போது லாகின் செய்தார் என்று ஊருக்கே சொன்னதால்தான் ஒவ்வொரு இடமாக அதை மூடினார்கள். கிளப் வைஃபைக்குள்ளேயே இருக்கட்டும், யாருக்கு எந்தக் கேரம் போர்டு, எத்தனை மணிக்கு என்பது போதும்.

பைத்தானுக்குப் போகலாமா என்றால், இரண்டு நாளில் கிளப்பில் ஓட வேண்டும் என்றால் போங்கள், தப்பில்லை. கற்றுக்கொள்ளத்தான் என்றால் இருங்கள், பாதி வந்துவிட்டீர்கள். வேலை கிடைக்குமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுதான் என்று தெரியும்: பெங்களூரில் ஜஸ்பே ஹாஸ்கெலில் பெரிய அளவில் எழுதுகிறது, வாட்ஸ்அப் சர்வர் எர்லாங்கில் ஓடுகிறது, ஆனால் நம் ஊரில் இந்த மொழிகளின் பெயர் போட்டு வரும் விளம்பரம் என் கண்ணில் அரிதாகத்தான் படுகிறது. இன்டர்வியூவில் உதவப்போவது எஸ்எஸ் கட்டளையில் அந்த 1 ஏன் வந்தது என்று விளக்கத் தெரிவதுதான். முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். ரிசீவ்-க்யூவில் 0 வந்தும் தொங்கினால், முழு புராஜெக்டையும் இங்கே கொட்டாமல் அக்செப்ட் சுற்றும் அது கூப்பிடும் ஃபங்ஷனும் மட்டும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.